பஞ்சப்படியும் பூரிக்கட்டையும்: பம்பாய் விலைவாசியின் நூறு ஆண்டுகள்

அரசாணைகள் இன்று ‘அகவிலைப்படி’ என்று குறிப்பதைத் தொழிற்சங்கத் தமிழ் நெடுங்காலம் ‘பஞ்சப்படி’ என்றே வழங்கியது. அகவிலை என்பதற்கு அகராதிகள் தரும் பொருள் தானிய விலை. சொல் பழையது, தூயது, அலுவலகத்துக்குப் பொருத்தமானது. ஆனால் பஞ்சப்படி என்ற சொல்லில் இருந்த உறுத்தல் அதில் இல்லை. வேலையில் இருப்பவனுக்கு, மாதச் சம்பளம் வாங்குபவனுக்கு, எதற்காகப் பஞ்சத்தின் பெயரால் ஒரு படி? இக்கேள்விக்கான விடை பம்பாயின் ஆலைகளிலும் ரேஷன் கடைகளிலும் தெருக்களிலும் கிடக்கிறது.

படி என்பது முதலில் ஓர் அளவை. அரிசியையும் நெல்லையும் அளக்கும் பாத்திரம். நாட்கூலியைத் தானியமாக அளந்து கொடுத்த காலத்தில் அளவையின் பெயரே கூலியின் பெயராகவும் ஆகியிருக்க வேண்டும். ‘படியளக்கிறவன்’ என்று ஆண்டவனையும் ஆண்டையையும் ஒரே வாயால் சொல்லும் வழக்கு இன்றும் உண்டு. மராத்தியில் இதே தொகைக்கு ‘மஹாகாயி பத்தா’ என்று பெயர். மஹாக் என்றால் விலை மிகுந்தது. வடமொழி ‘மஹார்க’ என்பதன் திரிபு. பத்தா என்பதை ‘பக்த’ என்ற வடமொழிச் சொல்லோடு இணைப்பது மொழியியலாளர் பெரிதும் ஏற்கும் வழி. அங்கே பக்த என்பதற்குச் சோறு என்று பொருள். மராத்தியின் ‘பாத்’ அதிலிருந்து வந்ததே. ஆகத் தமிழனின் படியிலும் மராத்தியனின் பத்தாவிலும் அரிசியே இருக்கிறது. ரூபாய் பின்னால் வந்து சேர்ந்தது.

முதல் உலகப் போரின் கடைசி ஆண்டுகளில் தானியமும் துணியும் மண்ணெண்ணெயும் ஒருசேர விலையேறின. 1918இல் பருவமழை பொய்த்தது. அதே ஆண்டில் இன்ஃப்ளூயன்சா காய்ச்சலும் பரவியது. அந்தச் செப்டம்பரில் சென்னையில் தானியக் கடைகள் சூறையாடப்பட்டன. அதற்குச் சில மாதங்கள் முன்பு, ஏப்ரலில்தான், பி.பி. வாடியா தலைமையில் சென்னைத் தொழிலாளர் சங்கம் உருவாகியிருந்தது. பம்பாயிலோ 1919 ஜனவரியில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பஞ்சாலைத் தொழிலாளர்கள் வேலையை நிறுத்தினார்கள். ஆலை முதலாளிகள் அடிப்படைக் கூலியைத் தொட விரும்பவில்லை. போர் முடிந்ததும் விலை இறங்கும், அப்போது ஏற்றிய கூலியை இறக்க முடியாது என்பது அவர்கள் கணக்கு. எனவே கூலிக்கு மேல் ஒட்டவைத்ததுபோல், எப்போது வேண்டுமானாலும் பிய்த்தெடுக்கக் கூடியதாக, ஓர் உணவுப் படி கொடுக்கப்பட்டது. விலை போருக்கு முந்தைய நிலைக்கு மீளவே இல்லை. தற்காலிகமாக வந்த படி கூலியின் நிலையான உறுப்பாகிவிட்டது.

படி கொடுப்பதென்றால் விலை எவ்வளவு ஏறியது என்று யாராவது அளக்க வேண்டும். 1921இல் பம்பாய் அரசு தொழிலாளர் அலுவலகம் ஒன்றைத் திறந்தது. 1914 ஜூலை மாத விலையை 100 என்று கொண்டு, பம்பாய்த் தொழிலாளர் குடும்பத்தின் வாழ்க்கைச் செலவுக் குறியீட்டெண்ணை அது மாதந்தோறும் வெளியிட்டது. அந்த அலுவலகத்தின் பொறுப்பில் இருந்த ஃபிண்ட்லே ஷிராஸ், ஆலைத் தொழிலாளர் குடும்பங்களின் வரவு செலவை விசாரித்து 1923இல் ஓர் அறிக்கை வெளியிட்டார். குடும்பச் செலவில் ஏறத்தாழ 57 விழுக்காடு உணவுக்கே போயிற்று. அறிக்கையில் அதைவிடக் கூர்மையான செய்தி ஒன்று உண்டு. பம்பாய்த் தொழிலாளி உண்ணும் தானியம் பஞ்ச நிவாரண விதிகள் அனுமதிக்கும் உச்ச அளவுக்குச் சமம். ஆனால் பம்பாய்ச் சிறை விதிகள் கைதிக்கு வகுத்த உணவைக் காட்டிலும் குறைவு. கலகக்காரர் எவரும் இதைச் சொல்லவில்லை. அரசு அதிகாரி ஒருவர் அட்டவணை போட்டுக் கண்டடைந்த முடிவு இது. பஞ்சப்படி என்ற தமிழ்ச் சொல் மிகையானது என்று கருதுவோர் இந்த அறிக்கையை ஒருமுறை படிக்கலாம்.

குறியீட்டெண் பிறந்த கணத்திலிருந்தே அது அரசியல் பொருள். எதை எண்ணுவது, எந்தக் கடையில் விலை கேட்பது, எந்த ரக அரிசியைக் கணக்கில் கொள்வது என்ற ஒவ்வொன்றும் கூலியைத் தொட்டது. 1940இல், இரண்டாம் உலகப் போரின் முதல் விலையேற்றத்தில், பம்பாய் ஆலைத் தொழிலாளர் மீண்டும் படிக்காக வேலைநிறுத்தம் செய்தனர். சமரசக் குழுவின் விசாரணையில் விவாதம் முழுவதும் விலையேற்றத்தில் எத்தனை பங்கை ஈடுகட்டுவது என்பதைச் சுற்றியே அமைந்தது. முழுவதையும் ஈடுகட்ட வேண்டும் என்று எந்த முதலாளியும் ஒப்பவில்லை. ஈடுகட்டாத மிச்சத்தைக் குடும்பம் தன் தட்டிலிருந்து கட்டியது.

1942இல் ரங்கூன் ஜப்பானியர் கையில் வீழ்ந்தது. அதுவரை ஆண்டுக்குப் பத்து லட்சம் டன்னுக்கும் மேலாக வந்துகொண்டிருந்த பர்மா அரிசி நின்றுபோனது. மேற்குக் கரையின் அரிசியுண்ணும் நகரங்களுக்கு அது நேரடி அடி. 1943 மே மாதம் பம்பாயில் ரேஷன் தொடங்கியது. வங்காளத்தில் லட்சக்கணக்கானோர் மடிந்த அதே ஆண்டில் பம்பாய் பட்டினிச் சாவிலிருந்து தப்பியதற்கு இந்த ஏற்பாடு முக்கியக் காரணம். அதை மறுக்க முடியாது. ஆனால் 1946இல் நாடெங்கும் பங்கீடு குறைக்கப்பட்டபோது வயது வந்தவருக்கு நாளொன்றுக்குக் கிடைத்தது 12 அவுன்ஸ் தானியம். 1877ஆம் ஆண்டுப் பஞ்சத்தில் ரிச்சர்ட் டெம்பிள் நிவாரணக் கூலிக்கு வகுத்த ஒரு பவுண்டு தானியம், ‘உயிரை மட்டும் ஒட்டவைக்கும் அளவு’ என்று அன்றே கண்டிக்கப்பட்டது. ஒரு பவுண்டு என்பது 16 அவுன்ஸ்.

தாராவியிலும் மாட்டுங்காவிலும் தமிழர்கள் இந்த நகரத்துக்குள் வெவ்வேறு வாசல் வழியே நுழைந்தவர்கள். திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் பதனிடும் தொழிலுக்கு வந்தோர் தாராவியில் குடியேறினர். ஆங்கிலமும் சுருக்கெழுத்தும் கற்று அலுவலகங்களுக்கு வந்தோர் நகர மேம்பாட்டு டிரஸ்ட் மனை போட்ட மாட்டுங்காவுக்குச் சென்றனர். தென்னிந்தியக் கல்விச் சங்கம் 1932இல் தொடங்கப்பட்டதும், ராம நாயக்கின் உடுப்பிச் சாப்பாட்டுக் கடை 1942இல் தொடங்கப்பட்டதும் அந்தக் குடியேற்றத்தின் தடயங்கள். கடை தொடங்கிய ஆண்டு கவனிக்கத்தக்கது: அரிசி அரிதாகிக்கொண்டிருந்த நேரத்தில் தனியாக வாழும் குமாஸ்தாக்களுக்கு ஒரு வேளை சோற்றை உறுதிசெய்த இடம் அது. ரேஷன் இருவகைத் தமிழரையும் ஒரே வரிசையில் நிறுத்தியது. இருவர் பையிலும் அரிசி குறைந்து கோதுமையும் சோளமும் ஏறின. தமிழர் வீடுகளில் பூரிக்கட்டை என்ற கருவி சமையலறையின் நிரந்தரப் பொருளானதற்கு வடநாட்டு உணவின் மீதான ஆசையைவிட ரேஷன் கோதுமைக்கே பங்கு அதிகம்.

ஆனால் வரிசையை விட்டு வெளியே வந்தால் வேறுபாடு தொடங்கிவிடும். மாட்டுங்கா குமாஸ்தாவுக்கும் ரயில்வே ஊழியருக்கும் வங்கி ஊழியருக்கும் பஞ்சப்படி உண்டு. தாராவியின் தோல் கிடங்கில் நாட்கூலிக்கு நின்றவருக்கு இல்லை. இட்லி அவித்து விற்ற பெண்ணுக்கு அப்படி ஒரு படி இருப்பதே அடுத்த வீட்டார் பேச்சில்தான் தெரியும். விலைவாசி எல்லோரையும் சமமாகத் தாக்குகிறது என்பது பொருளாதார நூல்களிலும் இல்லாத ஒரு வசதியான பொய்.

படி வாங்கியவர்களுக்கும் அளவுகோலின் மீது நம்பிக்கை இருந்ததில்லை. 1960களின் தொடக்கத்தில் பம்பாய்த் தொழிலாளர் குறியீட்டெண்ணையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றினார்கள். கடையில் கொடுக்கும் விலை ஒன்று, அரசு எழுதிக்கொள்ளும் விலை ஒன்று என்பது அவர்கள் வாதம். 1963 ஆகஸ்டில் நகரம் ஸ்தம்பித்தது. பொருளியலாளர் டி.டி. லக்டாவாலா தலைமையில் அரசு ஒரு வல்லுநர் குழுவை அமைத்தது. குழு கணக்கைச் சரிபார்த்து, குறியீட்டெண் விலையேற்றத்தைக் குறைத்தே காட்டியது என்று கண்டறிந்தது, படி திருத்தப்பட்டது. இந்திய உழைப்பாளர் வரலாற்றில் இது போதிய அளவு பேசப்படாத வெற்றி. கூலி உயர்வுக்காக நடந்த வேலைநிறுத்தங்கள் ஆயிரம் உண்டு. ஒரு புள்ளிவிவரம் தவறு என்று சொல்லித் தெருவில் இறங்கி, அது தவறுதான் என்று வல்லுநர்களையும் ஒப்பவைத்த நிகழ்வுகள் மிகச் சில.

அடுத்த அலைக்கு எந்தக் குறியீட்டெண்ணும் ஈடுகொடுக்கவில்லை. 1971 போரும் ஒரு கோடி அகதிகளின் வருகையும் கருவூலத்தைச் சுரண்டின. 1972இல் மகாராஷ்டிரத்தில் வறட்சி உச்சத்தைத் தொட்டது. கிராமங்களில் லட்சக்கணக்கானோர் கல்லுடைக்கும் நிவாரண வேலைக்குப் போனார்கள். 1973 ஏப்ரலில் கோதுமை மொத்த வணிகத்தை அரசு தன் கையில் எடுத்தது. தானியம் சந்தைக்கு வராமல் மறைந்தது. ஓராண்டுக்குள் அத்திட்டம் கைவிடப்பட்டது. 1973 அக்டோபருக்குப் பின் கச்சா எண்ணெய் விலை சில மாதங்களில் ஏறத்தாழ நான்கு மடங்கானது. மொத்த விலைவாசி 1973–74இல் 20 விழுக்காடும் 1974–75இல் 25 விழுக்காடும் ஏறியது. 1974 செப்டம்பர் வாக்கில் உயர்வு 30 விழுக்காட்டைத் தாண்டியிருந்தது. சுதந்திர இந்தியா அதற்கு முன்போ பின்போ அப்படியோர் ஏற்றத்தைக் கண்டதில்லை.

இந்தப் பின்புலத்தில் 1972இல் பம்பாயில் பெண்கள் ஒரு விலைவாசி எதிர்ப்பு முன்னணியை உருவாக்கினார்கள். சோஷலிஸ்டுகளான மிருணாள் கோரே, பிரமிளா தண்டவதே, மார்க்சிஸ்டான அஹில்யா ரங்கணேகர், இந்தியக் கம்யூனிஸ்டான தாரா ரெட்டி ஆகியோர் கட்சி வேறுபாட்டை ஒதுக்கிவைத்து ஒரே மேடையில் நின்றனர். ஆண் தலைவர்கள் பேச்சுவார்த்தை மேசையில்கூடச் சேர்ந்து அமராத காலம் அது. மிருணாள் கோரே கோரேகாவில் குடிநீருக்காகப் போராடி ‘தண்ணீர் அம்மா’ என்ற பொருளில் ‘பானிவாலி பாயி’ என்று பெயர் பெற்றிருந்தார். அவருக்கு ஒரு விஷயம் தெரியும்: தொழிற்சங்கம் ஆலை வாயிலில் முடிந்துவிடும், சமையலறைக்குச் சங்கம் கிடையாது. வாரம் எட்டு ரூபாய் போதாது, பத்து வேண்டும் என்று கணவனிடம் கேட்பதைத் தவிர இல்லத்தரசிக்குப் பேரம் பேசும் இடம் இருந்ததில்லை. முன்னணி அந்தப் பேரத்தைத் தெருவுக்குக் கொண்டுவந்தது.

அவர்கள் எடுத்த ஆயுதம் லாட்ணே, அதாவது பூரிக்கட்டை. ஆயிரக்கணக்கான பெண்கள் பூரிக்கட்டையை உயர்த்திப் பிடித்து ஊர்வலம் போனார்கள். குறித்த மாலை நேரத்தில் அவரவர் வீட்டு வாசலிலும் பால்கனியிலும் நின்று காலித் தட்டைக் கரண்டியால் தட்டினார்கள். ஊர்வலத்துக்கு வர முடியாத பெண்ணும், மாமியார் விடாத பெண்ணும்கூடத் தட்டைத் தட்ட முடியும். அதில்தான் இந்தப் போராட்ட முறையின் கூர்மை இருந்தது. அமைச்சர்களை முற்றுகையிட்டார்கள். பதுக்கல் கிடங்குகளைத் தேடிப் போனார்கள். சர்க்கரையும் மண்ணெண்ணெயும் சமையல் எண்ணெயும் ரேஷன் கடையில் ஒழுங்காகக் கிடைக்க வேண்டும் என்று கேட்டார்கள். பக்கத்து மாநிலத்தில், ஆமதாபாத்தின் பொறியியல் கல்லூரி விடுதியில், 1973 டிசம்பரில் சாப்பாட்டுக் கட்டணத்தை உயர்த்தியதில் தொடங்கிய கலவரம் 1974 பிப்ரவரியில் முதல்வர் சிமன்பாய் படேலின் பதவியைப் பறித்தது. அந்த மே மாதத்தில் நாடு தழுவிய ரயில்வே வேலைநிறுத்தம் நடந்தது. அதன் கோரிக்கைகளிலும் பஞ்சப்படி இருந்தது.

இயக்கத்துக்குக் குறைகளும் உண்டு. அதன் கோரிக்கைகள் நுகர்வோர் பக்கமே நின்றன. வறட்சியில் வாடிய கிராமப் பெண் கேட்ட கூலிக்கும் நகரப் பெண் கேட்ட மலிவு விலைக்கும் இடையிலான முரணை அது முழுமையாக எதிர்கொள்ளவில்லை. முழக்கங்கள் பெரிதும் மராத்தியில் எழுந்தன. 1966இல் உருவான சிவசேனையின் தென்னிந்தியர் எதிர்ப்பு ஓயாத ஆண்டுகள் அவை. தாராவித் தமிழ்ப் பெண்ணுக்கு அந்தத் தெரு எளிதில் தன் தெருவாகியிருக்காது. இருந்தும், காலித் தட்டின் ஓசைக்கு மொழி இல்லை என்ற உண்மையை அந்த இயக்கத்தைப்போல் வேறெதுவும் இந்த நகரத்துக்குக் காட்டியதில்லை.

அரசு கொடுத்த விடை கொடியது. 1974 ஜூலையில் ஓர் அவசரச் சட்டம் வந்தது: இனி உயரும் சம்பளம் முழுவதும், உயரும் பஞ்சப்படியில் பாதியும், ஊழியரின் கைக்கு வராமல் கட்டாய வைப்பில் போகும். விலையேற்றத்துக்குக் காரணம் மக்கள் கையில் புழங்கும் பணம் என்ற வாதத்தில், விலையேற்றத்தை ஈடுகட்டக் கொடுத்த படியையே பாதி பிடித்துக்கொண்டார்கள். அடுத்த ஆண்டு நெருக்கடி நிலை. மிருணாள் கோரே, அஹில்யா ரங்கணேகர், பிரமிளா தண்டவதே மூவரும் சிறைக்குப் போனார்கள். குறைந்தபட்ச போனஸ் 8.33 விழுக்காட்டிலிருந்து 4 ஆக வெட்டப்பட்டது. 1975–76இல் விலைவாசி உண்மையில் சற்றே இறங்கியது. நல்ல மழையும் அதற்குக் காரணம். நெருக்கடி நிலையைப் புகழ்வோர் விலையை மட்டும் சொல்லி மழையை மறந்துவிடுவார்கள். 1977இல் மிருணாள் கோரேயும் அஹில்யா ரங்கணேகரும் பம்பாயிலிருந்தே மக்களவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டனர். 1980இல் பிரமிளா தண்டவதேயும் சென்றார்.

ரேஷன் அட்டைக்கு இதற்கிடையே வேறொரு வாழ்வு தொடங்கியிருந்தது. 1976இல் பம்பாயின் குடிசைகளைக் கணக்கெடுத்துப் புகைப்பட அடையாளச் சீட்டு வழங்கினார்கள். அதன்பின் எந்தக் குடிசையை எப்போது இடிப்பார்கள், யாருக்கு மாற்றிடம் என்ற கேள்வி எழும்போதெல்லாம், இந்த ஊரில் இத்தனை ஆண்டு இருந்ததற்கான சாட்சியாக ரேஷன் அட்டை நின்றது. அரிசி வாங்காத மாதமும் அட்டையைப் பத்திரப்படுத்தும் வழக்கம் தாராவியில் அப்படி வந்தது. விலைவாசிக்கு எதிராகப் பிறந்த தாள் கடைசியில் மனிதரின் இருப்புக்கே சான்றாயிற்று.

1982 ஜனவரி 18 அன்று தத்தா சாமந்த் தலைமையில் ஏறத்தாழ இரண்டரை லட்சம் ஆலைத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். அந்த வேலைநிறுத்தம் முறையாக முடியவே இல்லை. ஆலைகள் ஒவ்வொன்றாக மூடின. இந்தியாவில் பஞ்சப்படியை முதன்முதலில் வாதாடி வாங்கிய வர்க்கம், குறியீட்டெண்ணின் பிழையைக் கண்டுபிடித்த வர்க்கம், படியே இல்லாத வேலைகளுக்குள் சிதறியது. காவலாளி, காய்கறி வண்டி, ஆட்டோ, தாராவியின் சிறு பட்டறைகள். அதன்பின் விலை ஏறும்போது கேட்பதற்கு எதிரே ஒரு முதலாளியும் இல்லை, உடன் நிற்க ஒரு சங்கமும் இல்லை.

நகரத்தின் சந்தையும் அந்த ஆண்டுகளில் இடம்பெயர்ந்தது. நெருளும் அதைச் சுற்றிய ஊர்களும் ஆக்ரி, கோலி மக்கள் நெல்லும் உப்பும் மீனும் எடுத்த நிலம். 1970இல் உருவான சிட்கோ 95 கிராமங்களின் நிலத்தில் புது நகரம் எழுப்பியது. இழப்பீடு கேட்டு 1984 ஜனவரியில் உரணில் நடந்த போராட்டத்தில் ஐவர் துப்பாக்கிச் சூட்டில் இறந்தனர். வெங்காய, உருளைக்கிழங்கு மண்டி 1980களின் தொடக்கத்திலும், தானிய மண்டியும் காய்கறி மண்டியும் 1990களிலும் பழைய பம்பாயிலிருந்து வாஷிக்கு அருகே வந்தன. 1992இல் ரயில் வாஷியைத் தொட்டது. மாட்டுங்காவிலும் செம்பூரிலும் வாடகைக்கு இருந்த தமிழ்க் குடும்பங்கள் பல நெருளில் சொந்த வீடு வாங்கின. இன்று மும்பையின் வெங்காய விலை முடிவாகும் இடம் அவர்கள் வீட்டிலிருந்து சில கிலோமீட்டர் தூரம்.

அருகில் இருப்பதால் விலை குறைவதில்லை. 2015 அக்டோபரில் துவரம்பருப்பு கிலோ 200 ரூபாயை எட்டியது, உளுந்தும் பின்தங்கவில்லை. 2019 டிசம்பரில் வெங்காயமும் 2023 ஜூலையில் தக்காளியும் கிலோ 100 ரூபாயைத் தாண்டின. உளுந்து ஏறும்போது தாராவியிலிருந்து மிதிவண்டியில் இட்லி கொண்டுவருபவர் உடனே விலையை ஏற்றுவதில்லை. வாடிக்கையாளர் போய்விடுவார். முதலில் இட்லி சிறுக்கும், பிறகு சட்னி நீர்க்கும், விலை கடைசியில்தான் ஏறும். இதற்கிடையிலான மாதங்களின் நட்டத்தை அவர் வீட்டுச் சமையலறை ஏற்கும். அந்தச் சமையலறையில் பெரும்பாலும் கடைசியில் உண்பவரின் பங்கில் அது கழியும்.

தொழிலாளர் நுகர்வோர் விலைக் குறியீட்டெண் இப்போது 2016ஐ அடிப்படை ஆண்டாகக் கொண்டது. முந்தைய 2001ஆம் ஆண்டுத் தொடரில் 46 விழுக்காடாக இருந்த உணவின் எடை அதில் 39 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது. சராசரிக் குடும்பம் உணவுக்குச் செலவிடும் பங்கு குறைந்திருப்பது உண்மைதான். குறைப்பில் மோசடி ஏதும் இல்லை. ஆனால் சம்பளத்தில் பாதிக்கு மேல் இன்னும் அரிசிக்கும் பருப்புக்கும் எண்ணெய்க்கும் கொடுக்கும் வீட்டுக்குத் தக்காளி விலை அந்தச் சராசரி சொல்வதைவிட அதிகம் ஏறியிருக்கும். ஷிராஸ் 1923இல் கண்ட 57 விழுக்காட்டுக் குடும்பம் மும்பையில் இன்னும் வாழ்கிறது, ஆனால் அதற்கென்று இப்போது தனிக் குறியீட்டெண் கிடையாது. நெருளின் அடுக்ககத்தில் வசிக்கும் மத்திய அரசு ஊழியருக்கு அந்த எண்ணின்படி ஜனவரியிலும் ஜூலையிலும் அகவிலைப்படி திருத்தப்படுகிறது. அதே வீட்டில் பாத்திரம் தேய்க்க வருபவரின் சம்பளம் திருத்தப்பட வேண்டுமானால், அவர் ஒரு நாள் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு, ‘அக்கா, எல்லாமே விலை ஏறிப்போச்சு’ என்று வாய்விட்டுக் கேட்க வேண்டும்.